ஓரங்கட்ட முடியாத இடங்கள்

சாலையில் கார் நின்றுபோனால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் இறங்கித் தள்ளி ஓரங்கட்டுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடிப்பார்கள். மெக்கானிக் வருவார், அல்லது வரமாட்டார். பயணம் கெடும், நாள் கெடும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. கார் எஞ்சினைச் செய்தவர்களும் இந்த ஓரத்தை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். அப்படி ஒரு வசதிக்காகச் செய்யப்பட்ட எஞ்சினை ஓரமே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. வானம் அப்படி ஓர் இடம். கடல் இன்னொன்று.

கார் எஞ்சினைக் கழற்றித் தாங்களே கட்டிய சிறு விமானத்தில் பொருத்திப் பறக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கூடும் இடத்தில் எந்தப் பேச்சு தொடங்கினாலும் கடைசியில் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். எந்த எரிபொருள்? எந்தத் தீப்பொறி? கேரளத்தின் தென்கோடியில், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலும் இதே இரண்டு கேள்விகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அங்கே எஞ்சின் இருப்பது விமானத்தில் அல்ல, மீன்பிடி வள்ளத்தின் பின்புறத்தில். விமானம் கட்டுகிறவர் தன் எரிபொருளைத் தானே தேர்ந்தெடுக்கிறார். பூவார் மீனவருக்கு அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ரேஷன் விலை. இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் விமானக்காரர்களின் அனுபவத்தைப் பார்த்துவிடுவோம். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் பட்டறை மெக்கானிக் சார்லி டெய்லர். நான்கு சிலிண்டர், சுமார் 12 குதிரைத்திறன். இன்று நாம் அறிந்த கார்புரேட்டரோ ஸ்பார்க் பிளக்கோ அதில் கிடையாது. சூடான உலோகத்தின் மேல் பெட்ரோல் சொட்டி ஆவியாகி உள்ளே போகும். சிலிண்டருக்குள் இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரியும்போது பொறி பறக்கும். அன்றைய நீண்ட பறத்தல் 59 வினாடி. அதற்கு அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1910-ல், சென்னையிலும் ஒருவர் சொந்தமாக விமானம் கட்டினார். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர் ஜியாகோமோ தாஞ்செலிஸ். குதிரை வண்டிகள் கட்டிப் பழகிப் பிறகு மோட்டார் வண்டிகளுக்கு மாறிய சிம்ப்சன் கம்பெனியின் பட்டறைதான் அவருக்கு உதவியது. வாகனப் பட்டறையும் விமானமும் அன்றே இங்கே உறவாகிவிட்டன. அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929-ல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைத் தன் விமானத்தில் வைத்துப் பறந்தார். அதன்பின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ஷெவர்லே கோர்வேர், சுபாரு என்று பல கார் எஞ்சின்கள் வானத்துக்குப் போயின. காரணம் எளிது. விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் விலை சாதாரண மனிதனுக்குக் கட்டுப்படியாகாது.

இத்தனை ஆண்டுகளில் அவர்கள் கற்றுக்கொண்டது இரண்டு பாடங்கள். ஒன்று தீப்பொறி பற்றியது. அந்தக் காலத்து கார் எஞ்சினின் தீப்பொறிக்கு பேட்டரி வேண்டும். ஒரு வயர் அறுந்தால், ஒரு ஃபியூஸ் போனால், பொறி இல்லை. விமானத்திலோ பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓட வேண்டும். அதனால் தன் சுழற்சியிலேயே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும் மாக்னெட்டோவை விரும்பினார்கள். அதுவும் ஒன்று போதாது. சான்று பெற்ற விமான பிஸ்டன் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியே இரண்டு மின்சுற்று என்பது விதி. தரையை விட்டுக் கிளம்புமுன் விமானி ஒன்றை அணைத்துப் பார்ப்பார், பிறகு மற்றதை. எது ஒன்று போனாலும் இன்னொன்று வீடு கொண்டு சேர்க்கும்.

இரண்டாவது பாடம் எரிபொருள். கார் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் காருக்காகத் தயாரானது. அது மேலே போனால் சூட்டிலும் குறைந்த காற்றழுத்தத்திலும் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினைப் பட்டினி போடலாம். அதில் ஆல்கஹால் கலந்திருந்தால் பழைய ரப்பர் குழாய்களையும் டாங்கின் பூச்சையும் அரிக்கலாம், தண்ணீரை இழுத்துக்கொள்ளலாம். ஆகவே எந்தப் பெட்ரோல், அதில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை நாளாயிற்று என்பதைப் பார்க்காமல் அவர்கள் டாங்கில் ஊற்றுவதில்லை. எஞ்சின் எவ்வளவு திறன் தருகிறது என்பது அவர்களுக்கு அடுத்த கேள்விதான்.

இப்போது பூவாருக்கு வருவோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் கடலோரம் இது. பூவாரை அடுத்துப் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கின்றன. கடலில் கோடு ஒன்றும் இல்லை. இரு புறத்திலும் ஒரே அலை, ஒரே மீன், ஒரே வகை வள்ளம்.

அலை என்றால் சாதாரண அலை அல்ல. இந்தக் கரையில் அது கரைக்கு மிக அருகே வந்து உயர்ந்து மடிகிறது. துறைமுகம் இல்லாத கடற்புறங்களில் மணலிலிருந்தே வள்ளத்தைத் தள்ளி இறக்க வேண்டும், திரும்பி வந்து மணலிலேயே ஏற்ற வேண்டும். கட்டுமரம் இங்கே காலங்காலமாக நிலைத்ததற்கு இதுதான் காரணம். அலை அதன் மேல் ஏறி வழிந்துவிடும், அது மூழ்காது. படகின் அடியில் நிரந்தரமாகப் பொருத்திய எஞ்சினும் சுழலியும் இங்கே உதவாது, மணலில் தட்டி உடையும். பின்புறத்தில் மாட்டி, கரை நெருங்கியதும் தூக்கிக்கொள்ளக்கூடிய அவுட்போர்டு மோட்டார்தான் பொருந்தும்.

அது பரவலாக வந்தது 1980-களின் தொடக்கத்தில். அதே காலத்தில், 1980-ல், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. மீனவர்களே உறுப்பினர்களான இந்த அமைப்பு பிளைவுட் வள்ளங்கள் கட்டியது, எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளை நடத்தியது. பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் யமஹா, சுசூகி, ஜான்சன், எவின்ரூட் என்ற பெயர்கள் கடற்புறத்தில் புழங்கத் தொடங்கின. ஏரியில் உல்லாசமாகச் சுற்றவும் வார இறுதியில் தூண்டில் போடவும் பெட்ரோலில் ஓடுவதற்காகப் பிறந்த குடும்பம் அது. ஆனால் இந்தியாவில் பெட்ரோலில் மீன் பிடித்தால் கட்டாது. ரேஷனில் வரும் மண்ணெண்ணெய் மலிவு. ஆகவே மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றிய மாதிரிகள் வந்தன. பெட்ரோல் எஞ்சின்களையும் இங்கேயே மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார்கள்.

மண்ணெண்ணெயில் ஸ்பார்க் பிளக் எஞ்சின் ஓடுவது இயல்பான காரியம் அல்ல. பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் ஆவியைத் தருவதற்குக் கிட்டத்தட்ட 38 டிகிரி வேண்டும். அது கொதிக்கத் தொடங்குவதோ 150 டிகிரி வாக்கில். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நிற்கும், எரியாது. அதனால் இரண்டு டாங்க். முதலில் பெட்ரோலில் கயிற்றை இழுத்துக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடியும் பெட்ரோல். அதை மறந்தால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்த முறை கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் அசையாது. ஒரு காலத்தில் கடைத்தெருவில் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிய சிறு ஜெனரேட்டர்களை நினைவிருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி புரியும். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் டிராக்டர்களும் இப்படித்தான் ஓடின.

இன்னொரு தொல்லை ஆக்டேன். சாதாரண பெட்ரோலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை 91. மண்ணெண்ணெய்க்கு அதைவிட மிகக் குறைவு. அழுத்தினால் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தட்டும். அதற்காக எஞ்சினின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் திறன் குறையும். ஒரே அளவு எஞ்சின் பெட்ரோலில் தரும் வேகத்தை மண்ணெண்ணெயில் தராது. முழுவதும் எரியாமல் புகையும் கரியும் மிஞ்சும். கரி பிளக்கின் முனையில் படியும். படிந்த கரி வழியாக மின்சாரம் கசிந்தால் பொறி விழாது. அதனால்தான் கடலுக்குப் போகும்போது உபரி பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் கூடவே போகின்றன.

மண்ணெண்ணெய்க்கு ஒரு நல்ல குணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. திறந்த வள்ளத்தில் கேன் கவிழ்ந்தால் பெட்ரோல் ஆவி அடியில் தேங்கி ஒரு பீடி நெருப்புக்குக் காத்திருக்கும். மண்ணெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. விமானக்காரர்களில் ஒரு பிரிவினர் பெட்ரோலை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின்களை நாடுவதற்கும் இது ஒரு காரணம்.

தீப்பொறி விஷயத்தில் இந்தச் சிறு அவுட்போர்டுகள் விமானக்காரர்களின் வழியிலேயே இருக்கின்றன. பேட்டரி கிடையாது. கயிற்றால் இழுக்கும்போது சுழலும் சக்கரத்தின் காந்தங்கள் கம்பிச் சுருளைக் கடந்து மின்சாரம் உண்டாக்குகின்றன. பழைய எஞ்சின்களில் அதைத் திறந்து மூடியது பாயிண்ட் என்னும் சிறு உலோக நாக்கு. உப்புக் காற்றில் அது அடிக்கடி கறுக்கும். ஆனால் உப்புத்தாள் துண்டு ஒன்று இருந்தால் கடலிலேயே தேய்த்துச் சரி செய்யலாம். பிறகு வந்தது மின்னணுப் பெட்டி. மின்சாரத்தை ஒரு கெபாசிட்டரில் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் கொட்டும். அந்த வீச்சின் வேகத்தால் சற்றுக் கரி படிந்த பிளக்கிலும் பொறி விழுகிறது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இது பெரிய உதவி. ஒரு குறை என்னவென்றால், பெட்டி பிசினால் மூடி அடைக்கப்பட்டது. அது போனால் போனதுதான். நடுக்கடலில் அதைத் திறந்து பார்க்க ஒன்றுமில்லை.

அடிக்கடி கெட்டாலும் கையால் சரிசெய்யக்கூடியது நல்லதா, அபூர்வமாகக் கெட்டாலும் சரிசெய்யவே முடியாதது நல்லதா? விமானம் கட்டுகிறவர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். அவர்கள் கண்ட சமரசம் இரண்டையும் இரட்டிப்பாக்குவது. சிறு விமானங்களில் மிகுதியாகப் புழங்கும் ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் மின்னணுப் பொறிதான். ஆனால் தனித்தனியே இரண்டு சுற்று, இரண்டும் பேட்டரியை நம்பாதவை. அந்த நிறுவனத்தின் தாய்க் கம்பெனிதான் 2020 வரை எவின்ரூட் அவுட்போர்டுகளையும் தயாரித்தது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு எஞ்சின்களில், வானத்துக்குப் போனதற்கு இரண்டாவது பொறி தேவை என்று கருதப்பட்டது. வள்ளக்காரருக்கு அப்படி விதி எதுவும் இல்லை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இரண்டாவது எஞ்சினை வாங்கி வள்ளத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய இரட்டை மாக்னெட்டோ அதுதான். வசதி இல்லாதவர் ஒன்றோடு போகிறார்.

அலை மடியும் இடத்தைக் கடக்கும்போது அந்த ஒன்று திணறினால் என்ன ஆகும் என்று கடற்புறத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முகப்பு அலையை விட்டு விலகும், வள்ளம் குறுக்கே திரும்பும், அடுத்த அலை அதைப் புரட்டிவிடும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இது நடக்கும். வெளிக்கடலில் நின்றால் வேறு வகை அபாயம்: மிதந்துகொண்டே போக வேண்டியதுதான். மீன் முன்பு கிடைத்த தூரத்தில் இப்போது கிடைப்பதில்லை. தூரம் கூடக்கூட எஞ்சினின் குதிரைத்திறன் கூடியது, குடிக்கும் எண்ணெயும் கூடியது. இன்று ஒரு பயணத்தின் செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்கே போகிறது.

அந்த எரிபொருளின் விலையை முடிவு செய்தது எது? சமையலறை. மண்ணெண்ணெய் பற்றிய அரசின் கொள்கை எப்போதுமே வீட்டு அடுப்பையும் விளக்கையும் பற்றிய கொள்கைதான். வீடுகளுக்கு எரிவாயுவும் மின்சாரமும் வந்த பிறகு மலிவு மண்ணெண்ணெய் தேவையில்லை என்று மத்திய அரசு முடிவு செய்தது. அடுப்பைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவு. 2016 ஜூலையிலிருந்து லிட்டருக்கு மாதம் 25 காசு என்று விலை ஏற்றப்பட்டது. மாநிலங்களுக்கான ஒதுக்கீடும் குறைந்துகொண்டே வந்தது. 2022-ல் கேரளத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. எஞ்சினை அதிகாரிகளிடம் காட்டிப் பர்மிட் பெற்ற மீனவருக்கு மாநில அரசின் மத்ஸ்யஃபெட் மூலம் மானியம் உண்டு. ஆனால் பர்மிட்டில் கிடைக்கும் அளவு மாதம் முழுவதும் கடலுக்குப் போகப் போதாது. மீதியை வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். அடுப்புக்காக எடுத்த முடிவு நடுக்கடலில் இருக்கும் எஞ்சினை வந்து தொட்டது இப்படித்தான்.

இப்போது மீனவரிடம் சொல்லப்படுவது: மண்ணெண்ணெயை விட்டுவிடு. பெட்ரோலுக்கு மாறு, டீசலுக்கு மாறு, எரிவாயுவுக்கு மாறு. மாற்றத்துக்கு மானியத் திட்டங்களும் பேசப்படுகின்றன. 2020-களின் தொடக்கத்தில் விழிஞத்தில் எரிவாயு எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பரிசோதித்தார்கள். மாற வேண்டியதுதான். புகையும் கரியும் கடலில் கொட்டும் எரியாத எண்ணெயும் யாருக்கும் நல்லதல்ல. ஆனால் விமானக்காரர் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றிடமும் கேட்டுவிட்டு மாற வேண்டும்.

எரிவாயுவில் பிளக் சுத்தமாக இருக்கும், எஞ்சின் நிதானமாக ஓடும். ஆனால் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு மசகு எண்ணெயை எரிபொருளில்தான் கலந்து ஊற்றுகிறோம். வாயுவில் எண்ணெயைக் கலக்க முடியாது. எண்ணெய் உள்ளே போகத் தனி ஏற்பாடு வேண்டும். அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் இறுகிவிடும். சிலிண்டரை உப்புத் தண்ணீரிலும் மணலில் மோதும் அதிர்ச்சியிலும் எப்படிக் கட்டி வைப்பது என்பதும் இருக்கிறது. விழிஞத்தில் துறைமுகம் உண்டு. அங்கே வென்றது பூவார் அலையிலும் வெல்லுமா என்பதைப் பூவாரில்தான் பார்க்க வேண்டும்.

டீசலுக்குத் தீப்பொறியே வேண்டாம். காற்றை இருபது பங்கு அளவுக்கு அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே எரியும். பொறி பற்றிய கவலை முழுவதும் தீர்ந்தது. ஆனால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். கனமான எஞ்சினை மணலில் இழுத்து ஏற்றும் தோள்கள் மனிதருடையவை. விலையும் பல மடங்கு.

மிஞ்சுவது பெட்ரோல். பெரும்பாலோர் போகப்போவது இந்த வழியில்தான். விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பெட்ரோலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. புது கார்கள் அதற்கென்று செய்யப்படுகின்றன. அவுட்போர்டு நிறுவனங்களோ 10 சதவீதம் வரை என்று எல்லை வைப்பது வழக்கம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரளவு வரை தண்ணீர் பெட்ரோலோடு கரைந்தே இருக்கும். 20 சதவீதக் கலவை கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். ஆனால் மூடி சரியில்லாத கேனில் அலைத் தெறிப்பு விழுந்து அந்த அளவு தாண்டிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அதைவிட மோசம், நாம் கலந்த மசகு எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எண்ணெய் இல்லாத கலவை எஞ்சினுக்குள் போகும். சாலையில் இது ஒரு நாள் செலவு. அலையின் நடுவில் அப்படி இல்லை.

விமானம் கட்டுகிறவர்கள் எத்தனாலைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை செய்கிறார்கள். நீண்ட கண்ணாடிக் குப்பியில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி அதன் மட்டத்தில் கோடு போட வேண்டும். ஒன்பது பங்கு பெட்ரோல் சேர்த்து, மூடிக் குலுக்கி, சற்று நேரம் அசையாமல் வைக்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், அடியில் உள்ள மட்டம் கோட்டுக்கு மேல் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று மதிப்பிடலாம். அடுப்பும் பீடியும் அருகில் இல்லாத இடத்தில் எந்த மீனவர் சங்கமும் இதைச் செய்யலாம்.

சோதித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? வேறு பெட்ரோல் கிடைக்க வேண்டுமே. சிறு விமானங்களின் தேவைக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ல் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான விமான பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாட்டில் அந்த விமானங்களின் எண்ணிக்கை சொற்பம். பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளுடையவை. ஆனாலும் அவற்றுக்குத் தனி எரிபொருள் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. அதே நியாயத்தில் மீன் இறங்கும் துறைகளில் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்காவது கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. மானியத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுக்கும் திட்டம் எதுவானாலும் அதில் உபரிப் பொறிப்பெட்டி, பிளக், தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டு மாநில எல்லையில் இருக்கும் ஊர் இது. பொழியூரில் ஒரு விதியும் நீரோடியில் இன்னொன்றும் என்று இல்லாமல் கேரளமும் தமிழகமும் சேர்ந்து முடிவெடுத்தால் இன்னும் நல்லது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இந்தக் கரையில் பூவார், பொழியூர், தூத்தூர் என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. நல்ல எஞ்சின் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் காற்றுக்கு முன்னால் எந்த எஞ்சினும் சின்னதுதான். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற குறைதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதன்பின் வானிலை எச்சரிக்கை, இருப்பிடம் காட்டும் கருவி, உயிர்காக்கும் உடை எல்லாம் பாதுகாப்பு என்ற தலைப்புக்குள் வந்தன. எரிபொருள் மட்டும் இன்னும் மானியம் என்ற தலைப்பிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு முறை அது மாறியது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் மூழ்கடித்தபோது திருவனந்தபுரம் கரையிலிருந்து மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் போனார்கள். அவுட்போர்டு எஞ்சின்கள் தெருக்களில் ஓடின. மாடியில் தவித்தவர்களை இறக்கிக் கொண்டுவந்தன. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் கொடுப்பதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். எஞ்சின் நின்றால் உயிர் போகும் என்பது அந்த வாரம் தலைமைச் செயலகத்துக்கும் புரிந்திருந்தது. அந்த எஞ்சின்கள் இப்போது கடலுக்குத் திரும்பிவிட்டன. அவற்றில் என்ன எரிபொருள் ஊற்றுவது என்பதை அந்த வாரத்துப் புரிதலோடு முடிவு செய்தால் போதும்.